தாத்தா கொடுத்த கண்

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குச் சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்கோ கணவருக்கோ இந்தக் குறை இல்லை. எப்படி வந்தது? பிற்காலத்தில் வண்டி ஓட்ட முடியுமா?
- வாசகி, தேனி

பதில்: உங்கள் அப்பாவுக்கு இருந்ததா என்று விசாரியுங்கள். இது எக்ஸ் குரோமோசோம் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழை) வழியாக வருவது. மகனுக்கு அந்த எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் கிடைக்கும்; அம்மாவுக்குக் குறை வெளியே தெரியாமலே இருக்கலாம். அதற்காக நொந்துகொள்ளாதீர்கள். எனக்கும் இதே கண்தான், அம்மாவழித் தாத்தாவின் சொத்து! வெற்றிலை போட்டால் நாக்கு சிவந்ததா என்று இன்றும் மனைவியிடம்தான் கேட்கிறேன். தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்குவேன். சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. ஒற்றை விளக்கு மினுக்கும் இடத்தில்தான் குழப்பம். லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று 2020-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். குறையை உறுதிசெய்ய, கண் மருத்துவரிடம் இஷிஹாரா சோதனை (வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிப்பது) செய்துவிடுங்கள்; அளவையும் அவரிடமே கேளுங்கள். அப்புறம், கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பச்சை இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டி நான் வாங்கிய குட்டு போதும்.