ஜப்பானிய பாப் நட்சத்திரங்களில் என்கா என்ற பழைய பாணி உருக்கப் பாட்டுகளைப் பாடித் தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார். 'நருட்டோ' என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடரை ஜப்பானிய ஒலியில் பார்த்திருந்தால் அவர் குரல் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான். வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கிவிடும் அந்தக் கூச்ச சுபாவி ஹினாட்டாவுக்குக் குரல் கொடுத்த நானா மிஸுகியைத்தான் சொல்கிறேன். அதே மிஸுகி 2011 டிசம்பரில் டோக்கியோ டோம் அரங்கில் இரண்டு நாள் தனிக் கச்சேரி செய்தார்.

எனக்கு அவருடைய என்கா பின்னணி முதலில் தெரியாது. 2005-ல் வந்த 'எட்டர்னல் பிளேஸ்' என்ற அனிமே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிரம்ஸும் கிட்டாரும் விரட்டுகிற வேகமான பாட்டு. அந்த வேகத்திலும் வரியின் கடைசி எழுத்தை அவர் அவசரமாக விட்டுவிடுவதில்லை. முதலில் ஆடாமல் நேராகப் பிடிக்கிறார், அப்புறம்தான் குரலை அசைக்கிறார். சில இடங்களில் சொல்லுக்கு நடுவே குரல் சட்டென்று ஒரு சின்னச் சுழி சுழித்துவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. பாப் பாட்டில் இதற்கு என்ன வேலை என்று தேடப் போய்த்தான் அவருடைய சிறுவயதுக் கதை கிடைத்தது.

அந்தச் சுழிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் கோபுஷி. என்காவின் உயிரே அதில்தான் இருக்கிறது. துறைமுகம், பிரிவு, மது, சொந்த ஊர் ஏக்கம் என்று நிதானமாக உருகும் பாட்டுகள் அவை. அவற்றில் நிறைய மெட்டுகள் நான்காவது, ஏழாவது சுரங்களை விட்டுவிட்ட ஐந்து சுர வரிசையில் அமைந்தவை. நம் கணக்கில் ம, நி இல்லை. அந்த வரிசையின் மேஜர் வடிவத்தில் வருவது நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்கள். என்கா நம் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மிஸுகி 1980-ல் ஷிகோக்கு தீவின் நீஹாமா நகரில் பிறந்தார். பெஷ்ஷி செப்புச் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த ஊர் அது. அப்பா பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் தொழில்நுட்பர். கூடவே கரோக்கே வகுப்பும் நடத்தினார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே என்கா பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். 1993-ல், நானா கோண்டோ என்ற சொந்தப் பெயரில், 'ட்சுகாஸகுரா' என்று ஊர்ப்பெருமை பேசும் ஒரு பாட்டைப் பாடி வெளியிட்டார். ட்சுகாஸகுரா என்பது அந்தச் சுரங்க மலையில் பூக்கும், மணி வடிவச் சின்னப் பூ. அவரது தொடக்கம் என்று நான் சொல்வது இந்தப் பாட்டைத்தான்.

பிறகு பாடகியாகும் கனவோடு டோக்கியோ போய், கலைத்துறைப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஹொரிகோஷி பள்ளியில் சேர்ந்தார். என்கா வழி திறக்கவில்லை. குரல் நடிப்பு வழி திறந்தது. 2000 டிசம்பரில் பாப் பாடகியாக முதல் சிங்கிள் வந்தது. 2009-ல் 'அல்டிமேட் டயமண்ட்' ஆல்பம் ஓரிகான் என்ற ஜப்பானிய இசை விற்பனை வாரப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குரல் நடிகர் ஒருவரின் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. அந்தப் புகழின் வெளிச்சத்தில் 'ட்சுகாஸகுரா' காணாமலே போய்விட்டது. பலரும் அவர் கதையை 2000-லிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அந்தக் கரோக்கே வகுப்பில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து பாடிய வருடங்கள்தானே அந்தத் தொண்டையை உருவாக்கின?

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. யோக்கோ நாகயாமா 80-களில் ஐடலாக, அதாவது ரசிகர்கள் கொண்டாடும் இளம் பாப் பாடகியாக இருந்து பின்னால் என்காவுக்கு மாறினார். என்கா பாடகர் கியோஷி ஹிகாவா 'டிராகன் பால் சூப்பர்' தொடருக்கு ராக் பாட்டே பாடினார். சரி, அதெல்லாம் தனிக் கதை.

ஜப்பானில் ஆண்டின் கடைசி இரவில் என்எச்கே நடத்தும் கோஹாக்கு பாட்டு நிகழ்ச்சியில் மிஸுகி 2009 முதல் 2014 வரை தொடர்ந்து பாடினார். முதல் வருடம் பாடியது 'ஷின்ஆய்'. அந்தப் பாட்டு கிடைத்தால் ஹெட்ஃபோன் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வரி முடியும் இடங்களை மட்டும் கேளுங்கள்.