அவசரக் காசுக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: நான் புதுக்குடியிருப்புப் பக்கம் வசிக்கிறேன். என் கணவர் முன்னாள் போராளி. 2008 ஆம் ஆண்டுச் சண்டையில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவர். புனர்வாழ்வு முடித்து 2011 இல் வீட்டுக்கு வந்த பின்னர், வாடகைக் கடையொன்றில் சைக்கிள் திருத்தி எங்களைக் காப்பாற்றி வந்தார். செயற்கைக் கால் உரசி வந்த புண், நீரிழிவும் சேர்ந்ததால் ஆறாமல் போய், இப்போது யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்கிறார். கடை பூட்டி ஒரு மாதமாகிறது. பழைய நுண்கடன் நிலுவை 55,000, கடை வாடகை 24,000, புதிய செயற்கைக் காலுக்கு 40,000, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே எடுக்கும் பரிசோதனைகளுக்கும் 31,000 என்று மொத்தமாக 150,000 ரூபா வேண்டும். கிழமைக் கட்டணத்துக்குக் குழுக்கடன் தர ஒரு நிறுவனத்தினர் வந்து நிற்கிறார்கள். யூடியூப் நடத்தும் ஒருவர், எங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் படம் பிடித்துப் போட்டால் வெளிநாட்டிலிருந்து உதவி வரும் என்கிறார். மூத்த மகளுக்கு 15 வயது. அவளை ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாமா என்றும் யோசிக்கிறேன். அமெரிக்க இராணுவத்தில் இருக்கும் என் அண்ணரின் மகனுக்கு, அவன் மனைவி நோயுற்றபோது அங்குள்ள சங்கமொன்று வட்டியில்லாமல் உடனே காசு கொடுத்ததாம். எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையா? அலுவலகத்தில் கணவர் போராளியாக இருந்ததைச் சொல்லலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணக்கை நீங்களே பிரித்து எழுதியிருப்பது பெரிய உதவி. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிவது, இந்தக் கிழமை உங்களுக்கு வேண்டியது ஒன்றரை இலட்சம் ரூபா அல்ல, 31,000 ரூபா என்பதே. மற்ற மூன்று தொகைகளும் உண்மையானவை, அவற்றைத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றில் எதுவும் உங்கள் கணவர் வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கும் இந்த நாட்களில் தீர்ந்தாக வேண்டியதில்லை. புண் முழுவதும் ஆறி, காலின் முனை வீக்கம் வற்றி ஒரு நிலைக்கு வந்த பின்னரே புதிய செயற்கைக் காலுக்கு அளவெடுப்பார்கள். ஆகவே அந்த 40,000 ரூபாவை இன்று கடனாக வாங்கினால், கால் பொருத்தும் நாள் வருவதற்குள் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும், வட்டி மட்டும் நிற்கும். அதைவிட, செயற்கைக் கால் பொருத்தித் தரும், யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையத்தில், கணவர் அங்கேயே இருக்கும் இந்த நேரத்தில் பெயரைப் பதிந்து, குடும்ப நிலையைச் சொல்லி, என்ன சலுகை கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். கடை உரிமையாளரிடம் நேரில் போய், இரண்டு மாதத் தவணை கேளுங்கள். இத்தனை வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த மனிதருக்கு அந்தத் தவணையைத் தர மறுப்பவர்கள் நம் பக்கத்தில் குறைவு.

உங்கள் அண்ணரின் மகனுக்கு உதவிய சங்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கத் தரைப்படையினருக்கான அவசர நிவாரண அமைப்பு 1942 இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில் தொடங்கப்பட்டது. அங்கே கடற்படையினருக்கான சங்கம் 1904 இலிருந்தே இருக்கிறது. இவை அரச திணைக்களங்கள் அல்ல. படையினரும் ஓய்வு பெற்றோரும் பொதுமக்களும் தரும் நன்கொடையில் நடக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகள். வாடகை, வாகனத் திருத்தம், மரணச் சடங்குக்கான பயணம் போன்ற திடீர்ச் செலவுகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, அதைச் சம்பளத்திலிருந்து சிறு தவணைகளாகத் திருப்பி எடுக்கிறார்கள். திருப்பிச் செலுத்தவே முடியாத குடும்பத்துக்குக் கொடையாகவும் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் படையினருக்கும் பொலிசாருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்குமாக, 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தில் நின்று போரிட்டவர்களின் குடும்பங்களுக்கு அதற்கு நிகரான அவசர நிதியொன்று இந்நாட்டில் இல்லை. இதை உங்களிடம் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே போரில் கால் இழந்த இருவரில் ஒருவரின் வீட்டுக்கு ஒரு சபையும் மற்றவரின் வீட்டுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருப்பது அநீதி. அது திருத்தப்பட வேண்டும் என்று தொடர்ந்து எழுதுவது எங்கள் கடமை. ஆனால் உங்கள் வேலை இந்தக் கிழமையைக் கடப்பது.

அதற்கான கதவுகள் முன்னாள் போராளி என்ற பெயரில் இல்லை. மாற்றுத்திறனாளியின் குடும்பம், நோயாளியின் குடும்பம், வருமானம் நின்றுபோன குடும்பம் என்ற பெயர்களில் அவை பிரதேச செயலகத்தில் இருக்கின்றன. முதலில் உங்கள் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய், கணவர் வைத்தியசாலையில் இருப்பதையும் கடை பூட்டியிருப்பதையும் உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைப் பெறுங்கள். அந்தக் கடிதம், வைத்தியசாலை தந்த மருத்துவக் குறிப்பின் பிரதி, இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி ஆகியவற்றுடன், பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கத்தில் தமிழில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு, சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் உதவிகளும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் வழங்கும் மருத்துவ உதவி, துணைச் சாதனங்கள், சுயதொழில் உதவி ஆகியவையும் அவருடைய மேசை வழியாகத்தான் போகின்றன. இவற்றில் எது எவ்வளவு விரைவாக வரும் என்பது அந்த நேரத்து நிதியைப் பொறுத்தது. ஆகவே ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காமல், பொருந்தும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பெயர் கொடுங்கள்.

விண்ணப்பத்தில் வாழ்க்கை வரலாறு முழுவதையும் எழுத வேண்டாம். என்ன நடந்தது, வருமானம் எப்போது நின்றது, எத்தனை பேர் சாப்பிட வேண்டும், எந்தச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று முடியும் கடிதம் கோப்பில் தூங்கிவிடும். 31,000 ரூபா என்று தொகையும் காரணமும் தெளிவாக எழுதப்பட்ட கடிதத்துக்கு அதிகாரி ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இது சண்டை பிடிப்பது ஆகாது, கோப்பை மேசைக்கு மேலே வரவைக்கும் வழி.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவுப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. 2023 ஜூலையில் அந்தத் திட்டம் தொடங்கியபோது கணவர் கடை நடத்திக்கொண்டிருந்ததால், வருமானமுள்ள குடும்பம் என்று உங்களைத் தள்ளியிருக்கக்கூடும், அல்லது கீழ்த் தொகையில் வைத்திருக்கக்கூடும். இப்போது நிலைமை மாறிவிட்டது என்பதைக் காட்டி மீளாய்வு கேளுங்கள். சத்திரசிகிச்சை பெரியதாகி, வெளியே செலவு கூடும் என்று வைத்தியர் சொன்னால், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியையும் விசாரியுங்கள். முன்பு கொழும்புக்குப் போய் அலைய வேண்டியிருந்த அந்த விண்ணப்பத்தை 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். அதற்கு அவருடைய நோய் பொருந்துமா என்பதை வைத்தியரின் அறிக்கையே தீர்மானிக்கும் என்பதால், சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்று ஒத்திப்போடாமல், அவர் விடுதியில் இருக்கும்போதே அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கணவரின் கடந்த காலத்தைச் சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். விசாரிக்க வந்தவர்கள், பதிவெடுக்க வந்தவர்கள், காரணம் சொல்லாமல் கேள்வி கேட்டவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்ட குடும்பங்கள் நம்முடையவை. மாற்றுத்திறனாளிக்கான உதவி, உடலின் இயலாமையையும் குடும்பத்தின் வறுமையையும் பார்த்துத் தரப்படுவது. கால் எந்தச் சண்டையில் போனது என்பது அங்கே தகுதியைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே நீங்களாக அதை எழுத வேண்டிய தேவை இல்லை. நேரடியாகக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். புனர்வாழ்வு முடித்துச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர் அவர். அந்த விடுவிப்புக் கடிதத்தின் பிரதியை ஒரு உறையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கும், போரில் ஏற்பட்ட உடற்பாதிப்பு, சொத்திழப்பு பற்றி எழுதலாம். அது ஒரு கிழமைக்குள் காசு தரும் இடமல்ல என்பதால் இந்த அவசரத்துக்கு அதை நம்பியிருக்காதீர்கள்.

இனிக் குழுக்கடன். இதில் மட்டும் நான் தயக்கமில்லாமல் வேண்டாம் என்கிறேன். பழைய நுண்கடனில் 55,000 ரூபா நிலுவை இருக்கும்போது, அதை அடைக்கவும் சேர்த்து இன்னொரு நுண்கடன் எடுப்பது, வருமானம் நின்ற வீட்டின் மேல் கிழமைக்கொரு கட்டணத்தை ஏற்றுவதாகும். நீங்கள் கட்டாத கிழமையில் உங்களுக்காகக் கையெழுத்திட்ட அயலவர்கள் கட்ட வேண்டி வரும். அவசரத்துக்கு ஓடி வர வேண்டிய அந்தப் பெண்களே உங்கள் வீட்டு வாசலில் காசு கேட்டு நிற்கும் நிலையை இந்தக் கடன்கள் வன்னியில் எத்தனையோ ஊர்களில் உண்டாக்கிவிட்டன. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசாங்கமே தலையிட்டு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. பழைய நிறுவனத்துக்கு, கணவரின் மருத்துவக் குறிப்பை இணைத்து, மூன்று மாதம் கட்டணத்தை நிறுத்தி வைத்துத் தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வசூலிக்க வரும் தம்பியிடம் வாயால் சொல்வது போதாது, கிளை முகாமையாளருக்கு எழுத வேண்டும்.

அரச உதவி கைக்கு வரும் வரை சிறு தொகை வேண்டுமானால், நகை ஏதும் இருந்தால் அரச வங்கியிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ அடகு வைப்பது குழுக்கடனைவிட மேலானது. நட்டப்பட்டால் அந்த நகையோடு போகும், அயலவரை இழுக்காது. தாலிக்கொடியைத் தொட மனம் வராவிட்டால் வேண்டாம், அதில் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் கேட்டுப் பாருங்கள். பல சங்கங்களில் சுழற்சி முறைக் கடனுக்கென்று சிறு தொகை இருக்கிறது. அண்ணரின் மகனுக்கு உதவிய அமைப்பு செய்வதும் பெரிய அளவில் இதே வேலைதான். உங்கள் ஊரில் இதே நிலையில் உள்ள குடும்பங்கள் பல இருந்தால், மாதம் 200, 300 ரூபா போட்டு வட்டியில்லா அவசர நிதியொன்றை அந்தச் சங்கத்துக்குள்ளேயே தொடங்கலாம். முன்னாள் போராளிகளின் சங்கம் என்று தனியாகத் தொடங்காமல், பதிவுள்ள சங்கத்தின் கணக்கில், கூட்டக் குறிப்போடு செய்தால் தேவையற்ற விசாரணைகளும் சந்தேகங்களும் குறையும்.

படம் பிடிக்க வருபவருக்கு மறுப்புச் சொல்லுங்கள். அப்படி உதவி பெற்று மீண்ட குடும்பங்கள் இருப்பது உண்மை. ஆனால் சேர்ந்த காசு எவ்வளவு, உங்களுக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குக் கேட்கும் பலம் உங்களிடம் இருக்காது. உங்கள் மகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காணொளி அவளுடைய தோழிகளின் கைத்தொலைபேசியில் ஓடும், பல வருடங்களுக்கு அழியாமலும் இருக்கும். வெளிநாட்டு உதவி வேண்டுமானால், கணவர் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கோ ஊர்ச் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைக்கோ, விதானையாரின் கடிதத்தை இணைத்து எழுதி, உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். அண்ணரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். மகன் பெற்ற உதவியை உங்களுக்குச் சொன்னவர், உங்கள் தேவையைக் கேட்டால் முகம் திருப்ப மாட்டார்.

மகளைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது பற்றி: 2016 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 16 ஆக்கப்பட்டது. 15 வயதுப் பிள்ளையைச் சட்டத்தை மதிக்கும் எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது, எடுக்கும் இடம் அவளுக்குப் பாதுகாப்பான இடமாக இருக்காது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்கலாம். அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாட்களில் இரண்டு பிள்ளைகளும் எந்த வீட்டில் சாப்பிட்டுப் படுப்பார்கள் என்பதை இன்றைக்கே உங்கள் சகோதரிகளில் ஒருவரோடு கதைத்து முடிவு செய்யுங்கள். நீங்கள் அங்கே நிற்கும் வரை பிள்ளைகளைத் தனியே வீட்டில் விடாதீர்கள்.