மரபணுத் தரவைக் காக்கும் வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உயிர்த்தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் மரபணுத் தரவு மேலாண்மைக்குப் போக விரும்புவதாகவும், அது கணினிப் பொறியாளர்களின் இடமாயிற்றே என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கலக்கம் பாதிதான் சரி.

ஒருவரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தால் கிடைக்கும் மூலக்கோப்புகளே நூறு ஜிபி அளவுக்கு வரக்கூடும் என்பதால், பெரிய ஆய்வுகள் கிளவுடை, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளை, நாடுகின்றன. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் தரவகமான யுகே பயோபேங்க், 5 லட்சம் பேரின் தரவை ஆய்வாளர்களுக்குக் கிளவுட் தளம் வழியாகவே திறந்துவிடுகிறது. கிளவுட் நிறுவனம் தன் கட்டடத்தையும் இயந்திரங்களையும் காக்கும். யாருக்கு அனுமதி, தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கச் சாவி யாரிடம், யார் எதை எப்போது பார்த்தார் என்ற பதிவு எங்கே என்பவையெல்லாம் வாடிக்கையாளரின், அதாவது ஆய்வை நடத்துபவரின், பொறுப்பு.

இங்கேதான் உயிரியல் படித்தவருக்கு இடம் இருக்கிறது. பெயரை நீக்கிவிட்டால் தரவு அடையாளமற்றதாகிவிடும் என்று கணினி மட்டும் தெரிந்தவர் நம்பிவிடலாம். ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமின் குறிகளையும் இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தகவல்களையும் ஒப்பிட்டுக் குடும்பப்பெயரை ஊகிக்க முடியும் என்று 2013-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2023-இல், மக்களுக்கு மரபணுச் சோதனை செய்து தரும் 23அண்ட்மீ நிறுவனத்தில் நேரடியாகத் திருடப்பட்டவை ஏறத்தாழ 14,000 கணக்குகள்தான். ஆனால் அந்தக் கணக்குகளில் இருந்த, உறவினரைக் கண்டறியும் வசதி வழியாக, ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. வேறு தளங்களில் கசிந்த பழைய கடவுச்சொற்களே அங்கே திறவுகோலாயின.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் மரபணுத் தரவைத் தனிப் பாதுகாப்பு வகையில் வைக்கிறது. அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாட்டைத் தடுத்தாலும் ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. நம்முடைய 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுவுக்கெனத் தனி வகை இல்லாததால், ஒப்புதல் படிவத்தை எழுதுபவரின் கவனமே பெரிதும் முக்கியமாகிறது.

பல ஆயிரம் ரூபாய் கேட்கும் சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. லினக்ஸ் இயங்குதளமும் பைத்தான் நிரல்மொழியும் பழகிய பின், பல நாட்டு மக்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுள்ள கோப்புகளில் சிலவற்றை ஒரு கிளவுட் கணக்கில் ஏற்றி, இரண்டு பயனர்களுக்கு வெவ்வேறு அனுமதி கொடுத்து, அனுமதியற்றவர் நுழைய முயன்றது பதிவில் தெரிகிறதா என்று உங்கள் மகள் சோதித்துப் பார்க்கட்டும். செலவு எச்சரிக்கையை முதலில் அமைத்துவிடச் சொல்லுங்கள். நிறுத்த மறந்துபோன ஒரு கிளவுட் கணினி மாதம் முழுவதும் ஓடினால் கட்டணம் உங்கள் அட்டையில்தான் வரும். அதன் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் உயிர்தகவலியல் முதுநிலைப் படிப்பைப் பற்றி மூவரும் அமர்ந்து பேசலாம்.