கணக்குப் பீரியடுக்கு வெளியே கணக்கு: கேள்வி பதில்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ், சூழ்நிலையியல், சமூக அறிவியல் என்று எல்லாப் பாடத்திலும் எண்ணறிவை, அதாவது எண்களைப் புரிந்து பயன்படுத்தும் திறனை, கொண்டுவர ஆசிரியர்கள் எப்படித் தயாராவது என்று டெல்டாப் பக்கத்திலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மன்னார்குடி, தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி மாணவி: மேடம், நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடக்குறிப்பில் எண்ணறிவையும் சேர்க்கச் சொன்னார்கள். பாட்டில் எத்தனை பறவை வருகிறது என்று எண்ணச் சொல்லலாம் என்று எழுதினேன். சரியா?

வேண்டாம்மா. ஏழு பறவையை எண்ண அந்தப் பிள்ளைக்கு எப்போதோ தெரியும். எண்ணியதால் பாட்டு கூடுதலாகப் புரியப் போவதும் இல்லை. அந்த எண்ணை எடுத்துவிட்டால் பாடம் புரியாமல் போகுமா? போகும் என்றால் அங்கே நில்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டைப் பாட்டாகவே நடத்துங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் 216 அடி, கட்டி முடித்தது 1010. பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள். வகுப்பறைக் கூரை பத்தடி உயரம் என்றால் எத்தனை வகுப்பறையை அடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இருபத்தொன்று அடுக்கினாலும் இன்னும் ஆறடி குறையும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், கோயில் கட்டியவர்களுக்கும் நமக்கும் நடுவே சுமார் நாற்பது தலைமுறை. அது தெரிந்த பிறகு பிள்ளை கோயிலை அண்ணாந்து பார்க்கிற விதமே வேறு.

பேராவூரணி, இடைநிலை ஆசிரியை: எனக்கே சின்ன வயதிலிருந்து கணக்கு என்றால் பயம். மற்ற பாடத்தில் அதை எப்படிக் கொண்டுவருவேன்?

இதை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி டீச்சர். பயிற்சி தொடங்க வேண்டியதே இங்கேதான். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது அப்புறம். முதலில் ஆசிரியர் கையில் ஒரு கணக்கு நடக்க வேண்டும்.

ஒரு பயிற்சியில் அன்றைய நாளிதழைக் கொடுத்து மேட்டூர் அணைச் செய்தியை வாசிக்கச் சொன்னேன். நீர்மட்டம் அடியில், நீர்வரத்து கன அடியில் இருந்தது. இரண்டும் ஒன்றா என்று கேட்டதும் அறையே அமைதியாகிவிட்டது. அத்தனை பேரும் ஜூன் 12 அன்று பாசனத்துக்கு அணை திறப்பார்களா என்று காத்துக்கிடக்கிற குடும்பங்களில் வளர்ந்தவர்கள். சரி என்று ஓர் அட்டைப்பெட்டியை ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்கு வெட்டினோம். அதுதான் ஒரு கன அடி. உள்ளே பாலித்தீன் விரித்து, பக்கம் பிதுங்காமல் நாலு பேர் பிடித்துக்கொள்ள, லிட்டர் குவளையால் ஊற்றினோம். 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போனதும் தளும்பியது. கிட்டத்தட்ட இரண்டு குடம். "அப்போ நொடிக்குப் பத்தாயிரம் கன அடின்னா, இது மாதிரி பத்தாயிரம் பெட்டியா மேடம்?" என்றார் ஒரு டீச்சர். அவரே அடுத்த கணக்குக்கும் போனார். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அது வெளியேற அந்த வேகத்தில் ஒரு லட்சம் நொடி ஆகும், ஏறக்குறைய 28 மணி நேரம். காலையில் கணக்கு வராது என்று சொன்னவரும் அவர்தான்.

திருத்துறைப்பூண்டி, ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர்: அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர். இதற்கு நேரம் எங்கே?

தனி நேரம் வேண்டாம் சார், தனிப் பதிவேடு வேண்டவே வேண்டாம். நடத்துகிற பாடத்தில் இரண்டு நிமிட நிறுத்தம் போதும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எப்படியும் செய்தி வாசிக்கிறீர்கள். மேட்டூர் நீர்மட்டத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தினமும் சுவரில் ஒரு புள்ளியாக வைக்கட்டும். மாதக் கடைசியில் வரைபடம் தானாக நிற்கும்.

கும்பகோணம், ஆசிரியர்: வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட வாழ்க்கைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். ஏன்?

பாதிக்கு மேல் அது தமிழ்ப் பாட விஷயம். "கமலாவிடம் 12 பழம் இருக்கிறது. அது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 17 என்பார்கள். விடை 7. 'அதிகம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி' என்று நாமே சொல்லிக்கொடுத்த குறுக்குவழியின் விளைவு இது. தமிழ் வகுப்பில் எண்களை மறைத்துவிட்டு, யாரிடம் கூட இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

எண் பெயர்களிலும் சிக்கல் உண்டு. தொண்ணூறு என்பதில் 'நூறு' காதில் விழுவதால் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. பதினான்கு என்பதில் பத்து முன்னால் வருகிறது, ஆங்கில ஃபோர்டீனில் நாலு முன்னால் வருகிறது. ஃபோர்டீனும் ஃபார்ட்டியும் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கில வகுப்பில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டும் தனிக் குச்சியும் வைத்துச் சொல்லுங்கள்.

திருவாரூர், பயிற்சி மாணவர்: மா, குழி எல்லாம் பழைய அளவு. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. கற்பித்தல் பயிற்சியின்போது ஒரு வகுப்பைப் பார்த்தேன். பயிர்கள் பாடம். "எங்க அப்பா மூணு மா குத்தகைக்கு எடுத்திருக்காரு" என்றாள் ஒரு பெண். பயிற்சி ஆசிரியர் "நல்லது, உட்கார்" என்று சொல்லிவிட்டுக் குறுவை, சம்பா என்று போய்விட்டார். நான் பின்னால் உட்கார்ந்து தவித்தேன். நம் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா சுமார் 33 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். தமிழ்ப் பின்னத்திலும் மா என்றால் இருபதில் ஒன்று. அந்தப் பெண் கையில் பின்னப் பாடமே இருந்தது. வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன், மறுநாள் அவர் அவளிடமிருந்தே பாடத்தைத் தொடங்கினார்.

நாகப்பட்டினம், கருத்தாளர்: குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் மையம்) ஒரு நாள் பயிற்சி. என்ன வைக்கலாம்?

பவர்பாயிண்ட் வேண்டாம். அடுத்த வாரம் நடத்தப்போகும் கணக்கல்லாத பாடத்தோடு ஒவ்வொருவரும் வரட்டும். காலையில் ஒரு கணக்கை எல்லோரும் கையால் செய்யட்டும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாக, நெல் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு குவிண்டால் நூறு கிலோ. நூறு குவிண்டாலுக்கு எத்தனை சிப்பம்? 250. இதையே நாலு பேர் நாலு வழியில் போடுவார்கள், நாலையும் கரும்பலகையில் எழுதுங்கள். மதியம் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, கொண்டுவந்த பாடத்தில் எண் இல்லாமல் புரியாத ஓர் இடத்தைத் தேடட்டும். அங்கே கேட்கப் போகிற ஒரே ஒரு கேள்வியை எழுதி, பக்கத்தில் இருப்பவரைப் பிள்ளையாக வைத்துக் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு வாரம் கழித்து அதே பாடத்தைப் பார்க்க அவர்கள் வகுப்புக்குப் போங்கள். போக முடியாது என்றால் அந்த ஒரு நாள் பயிற்சியையும் வைக்காதீர்கள்.