சம்பளத் தேதியை முதலில் சரிசெய்யுங்கள்

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். ஆறு வருடமாக இருக்கும் ஒருவர் மூன்று மாதமாகத் தாமதமாக வருகிறார், கேட்டால் எதிர்த்துப் பேசுகிறார். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால்கூட வாய் திறக்காத மனிதர், குடும்பத்தில் ஒருவராகத்தான் நினைத்திருந்தேன். உடனே வேலையை விட்டு நிறுத்திவிடலாமா?

பதில்: அவருடைய தாமதம் இருக்கட்டும், உங்களுடைய தாமதத்தைப் பற்றி முதலில் பேசுவோம். சம்பளம் பத்து நாள் தள்ளிப்போகும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? வாடகைக்குத் தவணை சொல்லி, தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கி, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டு, மறுநாள் காலையில் உங்களிடம் வந்து ஒன்றும் நடக்காத மாதிரி வேலை பார்த்திருப்பார். வாய் திறக்கவில்லை என்பதைப் போய் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குடும்பத்தில் ஒருவராம்! அவருக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களைக் காப்பாற்றத்தான் உங்களிடம் வருகிறார். சொன்ன தேதியில் சம்பளம் கொடுப்பதுதான் முதலாளியின் முதல் கடமை, பாசமெல்லாம் அப்புறம். சம்பளத்தை ஒழுங்காகக் குறித்த காலத்தில் தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1949-லேயே உடன்படிக்கை போட்டுவிட்டது. வசூல் வரவில்லை என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் அது உங்கள் தொழிலின் கஷ்டம், அதை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

சரி, நிறுத்தலாமா என்றால், உடனே கூடாது. மற்றவர்கள் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏன் தாமதம் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு நடுவில் பேசாதீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேறு வேலையும் சேர்த்துப் பார்க்கலாம். நடத்தையைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கும் முன் அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே அமைப்பின் 1982 உடன்படிக்கை சொல்கிறது, பல நாட்டுச் சட்டங்களும் அப்படித்தான். அவருக்கு வேலை நேரத்தை எப்போதாவது எழுத்தில் கொடுத்தீர்களா? இல்லையென்றால் எட்டுப் பேருக்கும் இந்த வாரமே நேரம், சம்பளத் தேதி, விடுப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் அவர் தாமதமாக வந்தால், எந்தெந்த நாள், எவ்வளவு நேரம் என்று குறித்து எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, திருந்த அவகாசமும் கொடுங்கள். எதுவும் மாறவில்லை, நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலிடம் கேட்டு, நோட்டீஸ் காலத்தை மதித்து, பாக்கிச் சம்பளத்தை அவர் கிளம்பும் நாளிலேயே கையில் கொடுத்து அனுப்புங்கள்.