ஒரு மாதப் பயணத்துக்கு ஒரு சிறிய பை போதுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஒரு மாத வெளிநாட்டுப் பயணம் செல்லவிருக்கிறோம். நிதானமாகச் சுற்ற வேண்டும் என்பது ஆசை. பத்து நகரங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். விமானத்துக்குள் நம்மோடு எடுத்துச் செல்லும் கைப்பை, ஆளுக்கு 7 கிலோவில் ஒன்று போதும் என்கிறாள் மகள். ஒரு மாதத்துக்கு அது எப்படிப் போதும்?

பதில்: மகள் சொல்வது நடக்கக்கூடியதே, பத்து நகரங்கள் என்ற திட்டத்தோடுதான் அது ஒத்துப்போகாது. பயணம் எத்தனை நாள் என்பதைக் கொண்டே பையின் எடை அமைகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அதைத் தீர்மானிப்பது, ஓரிடத்தில் தொடர்ந்து எத்தனை இரவுகள் தங்குகிறோம் என்பதே. ஐந்தாறு இரவுகள் ஓரிடத்தில் தங்குபவரால் துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மடித்து வைத்துக்கொள்ள முடியும்; அவருக்கு ஒரு வாரத்துக்கான உடையே ஒரு மாதத்துக்கும் போதும், மூன்று மாதத்துக்கும் போதும். மூன்று நாளுக்கு ஒரு நகரம் என்று ஓடுபவரோ, ஈரத்துணியோடு ரயிலேற நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே தேவைக்கு மேல் எடுத்துவைக்கிறார். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குச் செல்வது, அடுத்த அறை திறக்கும்வரை காத்திருப்பது என்று பாதி நாள் போய்விடுவதால், பத்து நகரங்களை ஐந்தாகக் குறைப்பதில் நீங்கள் இழப்பது நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உடையில் எண்ணிக்கையைப் போலவே துணியின் தன்மையும் முக்கியம். ஜீன்ஸ் கனமானது, காயவும் நேரமெடுக்கும். மெல்லிய பாலியஸ்டர் ஓரிரவில் காய்ந்துவிடும், ஆனால் வியர்வை வாடை விரைவில் ஒட்டிக்கொள்ளும். மெரினோ செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி விலை கூடுதலானாலும் பலமுறை அணிந்த பிறகும் எளிதில் நாறாது. கையால் துவைத்த துணியைப் பிழிந்தபின் உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால், எஞ்சிய ஈரத்தில் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். கனமான காலணியையும் மேலங்கியையும் விமான நாளன்று அணிந்துகொண்டே செல்லுங்கள்.

கேள்வி: சக்கரம் வைத்த பெட்டி நல்லதா, முதுகுப்பை நல்லதா?

பதில்: வரம்பு 7 கிலோ என்றால் முதுகுப்பைதான். சக்கரமும் இழுகைப்பிடியும் உள்ள சிறிய பெட்டி காலியாக இருக்கும்போதே 2 முதல் 3 கிலோ இருக்கும். அனுமதித்த எடையில் மூன்றில் ஒரு பங்கைப் பெட்டிக்கே கொடுத்துவிடுகிறோம். வெனிஸ் போன்ற நகரத்தில் பாலத்துக்குப் பாலம் படியேற வேண்டியிருப்பதால் சக்கரத்தால் பயனில்லை. முதுகுவலி உள்ளவர்கள் மட்டும் சக்கரத்தை விட வேண்டாம். தங்குமிடத்தில் மின்தூக்கி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: எளிமை என்ற பெயரில் மருந்துகளையும் குறைக்கச் சொல்கிறார் என் கணவர். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.

பதில்: அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பயண நாட்களுக்கும் அதற்கு மேல் சில நாட்களுக்கும் போதுமான மாத்திரைகளை, அவற்றின் அசல் உறையிலேயே, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் வேதிப்பெயரும் இருக்கட்டும், ஏனெனில் வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சளிக்கான மருந்துகளிலும் கவனம் வேண்டும்: மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது.

குறைக்க வேண்டியவை ஷாம்பு, களிம்பு வகைகள். கைப்பையில் உள்ள திரவக் குப்பி 100 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்று 2006இல் வந்த கட்டுப்பாடு பல விமான நிலையங்களில் இன்னும் நடப்பில் உள்ளது. அங்கே 100 மில்லிலிட்டர் என்பது குப்பியின் கொள்ளளவைக் குறிக்கும். 200 மில்லிலிட்டர் குப்பியின் அடியில் சிறிதளவே மிஞ்சியிருந்தாலும் அதை அனுமதிக்க மாட்டார்கள்.

கேள்வி: பவர் பேங்கை எதில் வைப்பது?

பதில்: கைப்பையில் மட்டுமே. 100 வாட்-மணி (மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் 20,000 எம்.ஏ.எச். (மில்லிஆம்பியர்-மணி) என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணிதான்.

கேள்வி: குறைந்தபட்சப் பொருள்களோடு வாழ விரும்புகிறேன். அதற்கென விற்கும் பயண உடைகள், மடிப்புப் பைகள், துணி அடுக்கும் உறைகள் எல்லாம் வாங்க வேண்டுமா?

பதில்: குறைவாக வாழ்வதற்காகக் கடைக்குப் போவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. அலமாரியில் இருப்பதைக் கொண்டே முதல் பயணத்தை முடியுங்கள். எடுத்துவைக்கும்போது, "இதை மறந்துவிட்டால் போன இடத்தில் ஒரு மணி நேரத்தில் வாங்க முடியுமா?" என்று ஒவ்வொரு பொருளைப் பற்றியும் கேளுங்கள். குடை, சோப்பு, கூடுதல் சட்டை ஆகியவற்றை எங்கும் வாங்கலாம் என்பதால் அவற்றைத் துணிந்து விட்டுவிடலாம். மூக்குக்கண்ணாடியை வாங்குவது அவ்வளவு எளிதல்ல; அதில் மட்டும் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் பையைக் காலி செய்யும்போதே, ஒருமுறைகூடத் தொடாத பொருள்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டும் அவசர மருந்தும் அந்தப் பட்டியலில் வந்தால் அடித்துவிடுங்கள். அவை பயன்படாமல் திரும்புவதே நல்லது. மீதமுள்ளவற்றை அடுத்த பயணத்தில் வீட்டிலேயே விடலாம்.