ஒக்கலா, கவட்டையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஓட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, பத்து வாரங்களுக்கு முன் ஓடத் தொடங்கினேன். முதல் வாரம் இரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. இப்போது வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 30 கிலோமீட்டர் ஓடுகிறேன். இரண்டு மாதத்தில் வரும் அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் மூன்று வாரமாக வலது இடுப்பில் வலி. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறது, மறுநாள் காலையில் திரும்பி வந்துவிடுகிறது. காணொளி பார்த்து, காலைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைத் தினமும் செய்கிறேன். சில நாள் வலி மாத்திரை போட்டுக்கொண்டும் ஓடினேன். ஷூவை மாற்ற வேண்டுமா? ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா? 'வலி ஓடுகிறவனின் வழித்துணை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதுவரை நிறுத்தவில்லை.

அன்புடன்,
க.

பி.கு.: இரவில் அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. இதற்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

*

அன்புள்ள க.,

அந்த வரியை எழுதியது நான்தான். எழுதிய நாளில் எனக்கு எங்கேயும் வலி இல்லை. அதை மறந்துவிடுங்கள்.

ஷூ காலுக்கு வசதியாக இருக்கிறதா? இருந்தால் போதும். அதைப் பற்றி இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'இடுப்பு' என்ற சொல். போன வாரம் முழுக்க இந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும் கதையில் ஒரு கிழவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு? அவருடைய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் பத்தி மூன்று நாள் அப்படியே நின்றது. பெல்ட் கட்டும் இடம் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு. குனிந்து எதையாவது எடுக்கும்போது முதுகின் அடியில் பிடித்துக்கொண்டால் இடுப்புப் பிடிப்பு. பிள்ளைப்பேற்றுக்கு வருவதும் இடுப்பு வலி. வயதானவர் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்கிறோம், பெரும்பாலும் அங்கே முறிந்திருப்பது தொடை எலும்பின் மேல்முனை. உடம்பின் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஒரே பெயரைப் போர்த்திவிட்டு, அங்கே வலிக்கிறது என்று கடிதம் எழுதினால் நான் என்ன பதில் சொல்வது?

கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. நானும் இதே சொல்லால் கெட்டவன்.

எனக்கு அப்போது 47 வயது. ஓடத் தொடங்கி நான்காவது மாதம். இடுப்பு வலிக்கிறது என்று ஒரு மருத்துவரிடம் போனேன். "இடுப்பா?" என்றார். "இடுப்புதான்" என்றேன். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு உறுப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். முதுகின் அடிப்பகுதியை எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் தெரியக்கூடிய தேய்மானம் எனக்கும் தெரிந்தது. அதுதான் காரணம் என்று முடிவாயிற்று. ஒத்தடம், மாத்திரை, மூன்று வாரம். ஓடலாமா என்று கேட்டேன், தாங்குகிற அளவுக்கு ஓடலாம் என்றார். என்னுடைய தாங்கும் அளவு பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? அவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். படுக்கவைத்துக் காலை மடக்கிப் பார்த்திருக்கலாம். நானும் வாயைத் திறந்து இடத்தைச் சொல்லியிருக்கலாம்.

அம்மா அப்போது என்னோடு இருந்தாள். நான் கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டு படியேறுவதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "எங்கே வலிக்கிறது, ஒக்கலிலா, கவட்டையிலா?"

நான் அந்தச் சொற்களைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஒக்கல் என்றால் பிள்ளையை உட்காரவைக்கும் பக்கவாட்டு மேடு. கவட்டை என்றால் இரண்டு தொடையும் உடம்போடு சேரும் இடம். ஐந்து பிள்ளைகளை ஒக்கலில் சுமந்தவளுக்கு அதுவும் இதுவும் வேறு என்பது எப்போதோ தெரிந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வியை அவள் கேட்டாள்.

"ஒரு விரலை வைத்துக் காட்டு" என்றாள். காட்ட முடியவில்லை. ஒக்கலில் அழுத்தினேன், வலி இல்லை. வலி உள்ளே, கவட்டை மடிப்புக்குப் பின்னால், விரலுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்பக்கமும் வைத்து, குடத்தின் கழுத்தைப் பிடிப்பதுபோல முழுக் கையால் பிடித்துக் காட்டினேன். மூட்டுக்குள்ளே சிக்கல் உள்ளவர்கள் பலர் இப்படித்தான் பிடித்துக் காட்டுவார்களாம். கை ஆங்கில 'C' எழுத்துபோல வளைவதால் மருத்துவர்கள் இதை 'சி அடையாளம்' என்று சொல்வதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அடையாளம் எதுவும் தெரியாது. "அப்படியானால் ஓடாதே" என்றாள். அவ்வளவுதான்.

வேறொரு மருத்துவர் வலது காலில் மட்டும் நின்று ஒருமுறை குதிக்கச் சொன்னார். குதிக்க முடியவில்லை. இந்த முறை சரியான இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயிலும் எதுவும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாமல் போவது வழக்கம்தான் என்று எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார். தொடை எலும்பின் கழுத்தில், கீழ்ப்பக்கத்தில், மயிரிழை விரிசல். மேல்பக்கத்தில் விழுந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் விரிசல் வாய் பிளந்துகொண்டே போகும், திருகாணி போட்டு இறுக்க வேண்டியிருக்கும் என்றார். கீழ்ப்பக்கம் என்பதால் ஆறு வாரம் ஊன்றுகோலோடு தப்பித்தேன். அந்த ஆறு வாரமும் அம்மா என்னை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உங்கள் பத்து வாரக் கதையைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது இதனால்தான். இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது, இப்போது வாங்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்பு அப்படியில்லை. புதிய சுமை வந்ததும் அது முதலில் தன்னையே கொஞ்சம் அரித்தெடுக்கிறது, பிறகுதான் அந்த இடத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்குகிறது. கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். இடிப்பு முடிந்து கட்டுமானம் முடியாத நாட்களில்தான் மூச்சு உங்களிடம் வந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாம் என்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் இதே மந்தம்தான். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் இருந்தால் போதும் என்று யாராவது வந்து சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்த 500க்கும் மேற்பட்டவர்களை இரண்டு அணியாகப் பிரித்து அந்த விதியைச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். விதிப்படி ஓடிய அணியிலும் மற்ற அணியிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். ஓடினால் மறைகிறது, மறுநாள் வருகிறது என்கிறீர்கள். என் வலி அப்படி இல்லை, ஓட ஓட ஏறியது. அப்புறம் அந்தப் பின்குறிப்பு. முக்கியமானதைக் கொண்டுபோய்ப் பின்குறிப்பில் வைக்கிறீர்களே! அந்தப் பக்கமாகப் படுத்தால் விழிப்பு வருகிறது என்றால், உங்களுடையது கவட்டை இல்லை, ஒக்கலாக இருக்கக்கூடும். விரலை வைத்துப் பார்க்காமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒக்கலில் தட்டுப்படும் எலும்பு மேட்டில்தான் நடுப் புட்டத்தசையின் நாண் வந்து ஒட்டுகிறது. ஓட்டம் என்பது ஒற்றைக்காலில் நிற்பதைத் திரும்பத் திரும்பச் செய்வது. இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரமே அதில் கிடையாது. ஒற்றைக்காலில் நிற்கும்போது மறுபக்கத்து இடுப்புக் கூடு சரிந்துவிடாமல் இந்தத் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. துலாக்கோலில் குட்டைக் கை அதனுடையது, நீளக் கை உங்கள் உடம்பினுடையது. அதனால் சும்மா நிற்பதற்கே அது உடல் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஓடும்போது கேட்கவே வேண்டாம், தரையே உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு திருப்பி அடிக்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டு காலுமாக ஏறத்தாழ ஆயிரம் அடி எடுத்து வைக்கிறீர்கள் என்றால், வாரத்துக்கு 15,000 முறை அந்த வலது ஒக்கல் உங்களைத் தாங்கியிருக்கிறது, பகல் முழுக்க நாற்காலியில் சும்மா கிடந்துவிட்டு. ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பின்னாலிருந்து கூட்டின் சரிவைப் பார்க்கும் சோதனையை டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895இல் விவரித்தார். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்றே பார்க்கலாம். தூக்கிய காலின் பக்கம் இறங்கினால் பலவீனம் ஊன்றிய காலில்.

காலைக் குறுக்கே இழுக்கும் அந்தப் பயிற்சியை இன்றே விடுங்கள். நாணை எலும்பு மேட்டின்மேல் வைத்து நசுக்குகிறீர்கள், அதுவும் தினமும், மருந்து என்று நினைத்துக்கொண்டு. கால்மேல் கால் போடுவதும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதும் அதே நசுக்கல்தான். மறுபக்கம் திரும்பிப் படுங்கள், முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வையுங்கள். அந்தத் தசைக்குத் தேவை இழுப்பு அல்ல, வேலை. படிக்கட்டின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்று மறுபக்கத்து இடுப்பை இறக்கி ஏற்றுவது, மல்லாந்து படுத்துப் புட்டத்தை உயர்த்துவது போன்றவற்றை ஓர் இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகும், முணுமுணுக்காதீர்கள்.

ஓட்டத்தை நிறுத்துவதா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். விரல் ஒக்கலில் நின்றால், முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. தூரத்தைப் பாதியாக்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். மறுநாள் காலையில் வலி முந்தைய நாளைவிட அதிகமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். வேகத்தை மாற்றாமல் அடிகளைச் சற்றுக் குறுக்கி, எண்ணிக்கையைப் பத்து சதவீதம் கூட்டினால் இடுப்பு மூட்டின் சுமை குறைவதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. விரல் கவட்டையில் நின்றால், அல்லது நிற்க இடம் தெரியாமல் முழுக் கையும் தேவைப்பட்டால், அல்லது அசையாமல் படுத்திருக்கும்போதும் வலித்தால், நடக்கையில் நொண்டினால், ஓர் அடிகூட ஓடாமல் மருத்துவரிடம் போங்கள். 'இடுப்பு' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியதைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கடிதத்தைப் பொதுவில் போட முடியாது. அரை மராத்தான் இந்த ஆண்டு வேண்டாம்.

பதில் எழுதும்போது விரல் எங்கே நின்றது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். பின்குறிப்பில் அல்ல.

அந்தக் கிழவரின் கையை ஒக்கலில் வைத்துவிட்டேன்.